பயம் சொன்ன செய்தி: டர்பன் செவிலியர் ஒருவரும் அவருடைய முகக்கவசமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூன் மாதத்தின் கடைசி வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள பொது மருத்துவமனை ஒன்றிலிருந்து மூத்த செவிலியர் ஒருவர் பணியாளர் நலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். வயது நாற்பத்தாறு. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வார்டு அனுபவம். நகரில் இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணவர், பள்ளியில் படிக்கும் மகள், நீரிழிவு உள்ள மாமியார் ஆகியோரோடு ஒரே வீட்டில் வசிப்பவர். அவர் கையில் கொடுத்தனுப்பப்பட்ட தாளில், "அளவுக்கு மீறிய பதற்றம். பாதுகாப்புப் பொருட்களை வீணாக்குகிறார். ஆலோசனை தேவை" என்று எழுதியிருந்தது.

முதல் இரண்டு வரிகளும் கண்ணால் கண்டவை. அவற்றில் பொய் இல்லை. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது கிடைத்த பதில் ஒரு வார்டின் நடைமுறையையே மாற்றியது. அதனால்தான், அவரைப் பார்த்த மருத்துவராக, இதைப் பதிவு செய்கிறேன்.

அவருடைய அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கட்டுரையை அவர் முழுவதும் படித்து ஒப்புதல் தந்திருக்கிறார். தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் பதிவு பெற்ற செவிலியரை எல்லோரும் சிஸ்டர் என்றே அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

இரண்டு கைகளிலும் விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி, கையுறை முடியும் இடத்தில், சிவந்த தடிப்பு. மூக்கின் மேல்பகுதியில் முகக்கவசத்தின் கம்பி அழுத்திய புண். பகல் முழுவதும் தலைவலி. இரவில் மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். காலையில் கார் மருத்துவமனை வாசலை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். பதற்றத்தை அளக்க உதவும் ஜிஏடி-7 வினாத்தாளில் அவருடைய மதிப்பெண் 15-ஐத் தாண்டியிருந்தது. 21 வரை செல்லும் அந்த அளவுகோலில் 15-க்கு மேல் என்றால் கடுமையான பதற்றம்.

காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை பணி. அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அவர் இரட்டைக் கையுறை அணிந்திருந்தார். நோயாளிக்கு நோயாளி அதைக் கழற்றாமல், மேலேயே சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தார். என்95 முகக்கவசத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை முகக்கவசம் ஒன்று. மேலங்கிக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன். ஒரே என்95 பல நாட்களுக்கு வரவேண்டும் என்பதால் மாலையில் அதன்மேல் ஆல்கஹால் தெளித்து உலர வைத்தார். கழிவறைக்குப் போனால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று காலை உணவுக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலிக்கு அது ஒன்றே போதும்.

வீட்டில் அவர் ஏறத்தாழ வெளியாள் ஆகிவிட்டிருந்தார். பின்கட்டில் உடைமாற்றிக் குளித்துவிட்டு, தோட்டத்து ஓரமாக இருந்த சிறிய அறையிலேயே சாப்பிட்டு அங்கேயே படுத்தார். மகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பள்ளிக் கதைகளைச் சொல்வாள். டர்பனில் ஜூன் குளிர்காலம். அந்த அறையில் ஹீட்டர் கிடையாது.

எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். நோயைச் சொல்வார், மாமியாரைச் சொல்வார் என்று எதிர்பார்க்கலாம். அவர் சொன்னது வேறு.

"டாக்டர், இந்த முகக்கவசத்தை நான் நம்பவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் என் கண்ணாடியில் ஆவி படிகிறது. மேலே காற்று வெளியே போகிறது என்றால், அதே வழியாக உள்ளேயும் வருகிறது அல்லவா? வார்டில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் இதுதான் வந்திருக்கிறது, சரிசெய்துகொள்ளுங்கள் என்றார்கள். அதனால்தான் மேலே இன்னொன்று போட்டுக்கொள்கிறேன்."

பயத்துக்குப் பின்னால் ஓர் ஊர்

எங்கள் மாகாணத்தில் இந்த அச்சம் வெறும் கற்பனையிலிருந்து முளைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் முதல் கோவிட் நோயாளி 2020 மார்ச் 5 அன்று குவாசூலு-நாட்டாலில்தான் உறுதிசெய்யப்பட்டார்; இத்தாலியிலிருந்து திரும்பியவர். அந்த மாதக் கடைசியில், எச்ஐவி தடுப்பு ஆய்வில் உலகப் பெயர் பெற்றவரும் டர்பன்வாசியுமான பேராசிரியர் கீதா ராம்ஜி கோவிட்டால் இறந்தார். தொற்றுநோயோடு வாழ்நாள் முழுவதும் போராடிய அறிவியலாளரே போய்விட்டார் என்ற செய்தி சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற இந்தியர் பகுதிகளின் வீடுகளில் வேறு எந்த அரசு அறிவிப்பையும்விட ஆழமாக இறங்கியது.

ஆனால் செவிலியர்களை உலுக்கியது டர்பனின் செயின்ட் அகஸ்டின் மருத்துவமனையில் நடந்ததுதான். குவாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லெசல்ஸ், யூனுஸ் மூசா, துலியோ டி ஒலிவேரா ஆகியோர் அதை ஆராய்ந்து 2020 மே மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். மார்ச் 9 அன்று ஐரோப்பாவுக்குப் போய்வந்த ஒருவர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். அதே நாள் பக்கவாத அறிகுறியோடு வந்த வேறொரு நோயாளிக்குத் தொற்றியது. அவரிடமிருந்து தொடங்கி வார்டு வார்டாகப் பரவியது. ஏப்ரல் முடிவதற்குள் 39 நோயாளிகளும் 80 பணியாளர்களும் தொற்றுக்கு ஆளானார்கள். நோயாளிகளில் 15 பேர் இறந்தார்கள். வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலும் ஒரே நுழைவிலிருந்து அத்தனையும் கிளைத்திருந்தது தெரிந்தது.

அந்த அறிக்கையில் என்னை இன்றுவரை விடாத பகுதி, நோயாளியிடமிருந்து நோயாளிக்கு எப்படிப் போனது என்பதைப் பற்றியது. நேரடியாகப் போனது குறைவு. பணியாளர்களின் கைகள் வழியாகவும், தெர்மாமீட்டர், இரத்த அழுத்தப் பட்டை, ஸ்டெதஸ்கோப் போன்று படுக்கை படுக்கையாகச் சுற்றும் பொருட்கள் வழியாகவும் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நோயாளிகளை வார்டுகளுக்கிடையே அடிக்கடி மாற்றியதும் சேர்ந்துகொண்டது. நகரத்துச் செவிலியர் ஒவ்வொருவரும் இதைப் படித்தார்கள் அல்லது கேட்டார்கள். பலருடைய மனத்தில் தங்கியது 80 என்ற எண் மட்டுமே. கைகளைப் பற்றிய பகுதி தங்கவில்லை. சிஸ்டரும் அப்படித்தான். இரட்டைக் கையுறை அந்தச் செய்தி வந்த பிறகே தொடங்கியது என்று அவரே சொன்னார்.

இதைவிடப் பழைய நினைவு ஒன்றும் அவரிடம் இருந்தது. 2006-இல் எங்கள் மாகாணத்தின் கிராமப்புறமான துகேலா ஃபெரியிலிருந்து மிகக் கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோய் பற்றிய செய்தி வந்தபோது அவர் இளம் செவிலியர். அங்கே கண்டறியப்பட்ட 53 நோயாளிகளில் 52 பேர் இறந்தார்கள். அந்த அலையில் மருத்துவமனைப் பணியாளர்களும் உயிரிழந்தார்கள். என்95 முகக்கவசம் எங்கள் வார்டுகளுக்குப் புதிய பொருளன்று. காசநோயால் ஏற்கெனவே அறிந்ததுதான். சரியான முகக்கவசம் இல்லாமல் இருமுகிற நோயாளியின் அறைக்குள் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குப் பாடப்புத்தகச் செய்தியும் அன்று.

உலகச் சந்தையிலோ பொருள் இல்லை. மார்ச் தொடக்கத்திலேயே உலக சுகாதார நிறுவனம் மாதத்துக்கு 8.9 கோடி மருத்துவ முகக்கவசங்களும் 7.6 கோடி கையுறைகளும் தேவைப்படும் என்று கணக்கிட்டு, உற்பத்தியை 40 சதவீதம் உயர்த்துமாறு கேட்டுக்கொண்டது. வந்த பெட்டியை வாங்கி வைப்பதே பெரிய காரியமாக இருந்த மாதங்கள் அவை. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எந்த அளவு என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் எந்த மருத்துவமனையும் இல்லை.

வீட்டுப் பக்கமும் சொல்லவேண்டும். அந்த ஆண்டு புனித வெள்ளி ஏப்ரல் 10. மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் ஆண்டுதோறும் அலைமோதும் கூட்டம் ஊரடங்கால் இல்லாமல் போனது. மாமியார் வீட்டிலேயே விளக்கேற்றி, வாசலில் சிரிங்கா இலைக்கொத்தைக் கட்டினார். வேப்பமரம் கிடைக்காத இடத்தில் எங்கள் முன்னோர் அதன் இடத்தில் வைத்துக்கொண்ட மரம் அது. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வராமல் தடுக்கும் பழைய அடையாளம்தான் இலைக்கொத்து. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டார், மருத்துவமனையிலிருந்து இவர்கள் ஏதோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தன்னால் குடும்பமே ஒதுக்கப்பட்டது என்ற குற்ற உணர்வு சிஸ்டரின் சுமையில் ஏறியது. அதன் பிறகே அவர் பின்னறைக்குக் குடிபோனார்.

சோதனை

அவருடைய சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. முகக்கவசம் முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை. செலவு குறைவு, ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். தலையை மூடும் ஒளிபுகும் உறைக்குள், பிட்ரெக்ஸ் என்ற கடுங்கசப்பான திரவத்தை நுண்துளிகளாகத் தெளிப்பார்கள். முதலில் முகக்கவசம் இல்லாமல் கசப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு முகக்கவசத்தோடு இயல்பாக மூச்சு விடவும், ஆழமாக மூச்சு விடவும், தலையை இருபுறமும் மேலும் கீழும் அசைக்கவும், குனியவும், பேசவும் சொல்வார்கள். வாயில் கசப்பு தெரிந்தால் காற்று ஓரத்தில் கசிகிறது என்று பொருள்.

சிஸ்டருக்குத் தலையைப் பக்கவாட்டில் திருப்பியபோதே கசந்தது.

அவர் அணிந்திருந்த வகை 95 சதவீதத் துகள்களைத் தடுக்கும் துணியால் ஆனதாகவே இருக்கலாம். ஆனால் காற்று துணி வழியே போகவேண்டிய கட்டாயம் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. கன்னத்துக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒரு நூல் அளவு இடைவெளி இருந்தாலும் காற்று தடையில்லாத அந்த வழியாகவே போகும். அவருடையது ஒடுங்கிய சிறிய முகம். வந்திருந்த ஒரே அளவு பெரியது. காதில் மாட்டும் வளையங்களுக்கு அதை இறுக்கிப் பிடிக்கும் வலு இல்லை. இதில் ஒரு பழைய அநீதியும் இருக்கிறது. முகக்கவசங்களின் பொருத்தத்தைச் சோதிக்கும் அளவுகள் நீண்ட காலம் 1960-களின் அமெரிக்க விமானப்படையினரின் முக அளவுகளை அடிப்படையாகக் கொண்டிருந்தன. உலகெங்கும் வார்டுகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அந்த அளவுகோலுக்குத் தெரியாது.

மேலே போட்ட இரண்டாவது முகக்கவசம் கசிவை அடைக்கவில்லை. மூச்சு விடும் சிரமத்தைக் கூட்டியது, தலைவலியைக் கூட்டியது. தெளித்த ஆல்கஹால் இன்னும் கேடு செய்தது. என்95 துணியின் திறன் அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டத்தில் இருக்கிறது. நுண்துகள்களை இழைகள் ஈர்த்துப் பிடிப்பது அதனால்தான். ஆல்கஹால் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். கிருமியைக் கொல்வதாக எண்ணி, ஒவ்வொரு மாலையும் தன் கவசத்தின் உயிரையே அவர் நீக்கிக்கொண்டிருந்தார்.

இதை அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. ஏற்கெனவே பதறிக்கொண்டிருப்பவரிடம், இதுவரை உங்களைக் காத்தது முகக்கவசமே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அழுதார். அதன் பிறகு அவர் சொன்னது: "அப்படியானால் நான் பைத்தியம் இல்லை."

அந்த வாரமே அவருக்குத் தூக்கம் சற்று நீண்டது. மருந்து எதுவும் தொடங்கியிருக்கவில்லை.

கைகளின் கதை

முகக்கவசத்தில் அவர் சொன்னது சரி. கையுறையில் அவர் செய்தது தவறு. ஒருவருடைய பயம் ஓரிடத்தில் உண்மையைக் காட்டிவிட்டது என்பதால், அது சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு காலை முழுவதும் வார்டில் அவர் அருகிலேயே நின்று பார்த்தேன். கையுறையோடு படுக்கைக் கம்பியைத் தொட்டார், இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார், குறிப்பேட்டைப் புரட்டினார், நழுவிய கண்ணாடியை மேலே தள்ளினார், அடுத்த படுக்கைக்குப் போனார். தோலுக்கு ஒரு பாதுகாப்பு உணர்வு. வார்டுக்கு ஒரு ஆபத்து. செயின்ட் அகஸ்டின் அறிக்கை எச்சரித்த அதே வழி. வெறும் கை என்றால் அழுக்கு உறுத்தும், கழுவத் தோன்றும். கையுறை அந்த உறுத்தலை எடுத்துவிடுகிறது. ரப்பருக்குள் வியர்வையில் ஊறிய தோல் வெடித்து, அந்த வெடிப்பே அவரை இன்னும் ஒரு ஜோடி போட வைத்தது. ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்த்தது.

கழற்றும் முறை அதைவிட மோசம், அவருக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். அணிவதற்குச் சுவரில் படம் ஒட்டியிருந்தது. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. மாலை ஏழு மணிக்குக் களைத்துப்போனவர்கள் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு ஓடினார்கள். முகக்கவசத்தின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். எபோலா காலத்திலும் சார்ஸ் காலத்திலும் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: கவசத்தின் வெளிப்புறத்தில் படிந்தது, கழற்றும் நொடியில்தான் கைக்கும் முகத்துக்கும் வருகிறது. கையுறையும் மேலங்கியும் முதலில், முகக்கவசம் எல்லாவற்றுக்கும் கடைசியில், இடையிடையே கை சுத்தம். இந்த வரிசையை அறிந்துவைத்திருப்பது எளிது. பசியோடும் களைப்போடும் அதைத் தவறாமல் செய்வதுதான் கடினம்.

வார்டில் மாறியவை

சோதனை முடிவை வைத்துக்கொண்டு வார்டில் உள்ள மற்றவர்களையும் சோதித்தோம். சிஸ்டரைப் போலவே வேறு சிலருக்கும் கசந்தது. அவர்களில் இரவுப் பணியில் இருந்த ஒரு தாதி, ஒருபோதும் பதற்றத்தைக் காட்டாதவர். அவர் எதையும் சொல்லாததால் அவருடைய முகக்கவசம் யார் கவனத்துக்கும் வரவில்லை. பயந்தவர் பேசியதால்தான் பயப்படாதவர் காப்பாற்றப்பட்டார். இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே.

தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகளால் கட்டும் சிறிய அளவு முகக்கவசங்களைக் காசநோய்ப் பிரிவின் இருப்பிலிருந்து கடன் வாங்கினோம். அதில் சிஸ்டருக்குக் கசக்கவில்லை. கண்ணாடியிலும் ஆவி படியவில்லை. மறுபயன்பாடு தவிர்க்க முடியாததாக இருந்ததால், ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய காகிதப் பைகள் கொடுத்து, முகக்கவசங்களைச் சில நாட்கள் ஓய்வில் வைத்துச் சுழற்சியாக அணியும் முறை வந்தது. தெளிப்பான் பாட்டில்களைச் செவிலியர் மேசையிலிருந்து எடுத்துவிட்டோம்.

இருப்பு எவ்வளவு என்பதைத் தேநீர் அறைச் சுவரில் ஒரு பலகையில் தினமும் எழுதச் சொன்னேன். நிர்வாகத்தில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. குறைவு என்று தெரிந்தால் பீதி வரும் என்றார்கள். வந்தது நேர்மாறானது. பலகை வந்த பிறகு, அலமாரியில் ஒளித்து வைத்திருந்த முகக்கவசங்களைச் செவிலியர்களே திருப்பி வைத்தார்கள். எண் சிறியதாக இருந்த நாட்களிலும் யாரும் கூச்சலிடவில்லை. எதுவும் தெரியாமல் இருப்பதுதான் மனத்தை அரிக்கும்.

ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் எதிரில் நின்று வரிசையைச் சொல்லும் ஏற்பாடு வந்தது. தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் பணி நேரத்தின் நடுவே இரண்டு இடைவேளைகள் எழுத்தில் வந்தன. அந்த நேரத்தில் புதிய முகக்கவசம் செலவானால் ஆகட்டும் என்று முடிவெடுத்தோம். கண்ணாடியும் கதவும் அடைத்த புதிய கட்டடங்களைவிட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய வார்டுகளில் காற்று நன்றாக மாறும் என்பதைக் காசநோய் ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. எங்கள் வார்டு பழையது. வர்ணம் ஒட்டிப் பல ஆண்டுகளாகத் திறக்காமல் கிடந்த ஜன்னல்களை ஒரு தச்சர் அரை நாளில் திறந்துவிட்டார். குளிரில் நோயாளிகளுக்குக் கூடுதல் போர்வை கொடுத்தோம்.

சிஸ்டரின் கைகளுக்கு ஈரப்பதக் களிம்பும், சில வாரங்கள் கையுறை மிகக் குறைவாகத் தேவைப்படும் பணியும் கொடுத்தோம். இரத்தம், உடல்திரவம், புண் தொடும் வேலைகளுக்கு மட்டும் ஒரு ஜோடி. மற்றதற்குக் கை சுத்தம். அவருக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. இரண்டாவது ஜோடியை விடுவதற்கு முகக்கவசத்தைவிட அதிகக் காலம் பிடித்தது.

முகக்கவசம் சரியான பிறகும் மிஞ்சிய பதற்றம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஒருவர் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினார். தன்னால் மாமியார் இறந்துவிடுவார் என்ற எண்ணம், இறுதிச் சடங்குக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதி வந்த நாளிலிருந்து அவருக்குள் ஒரு காட்சியாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முகக்கவச அளவில் மருந்தில்லை. ஆடி மாதக் கூழ்ப் படையலை வீட்டு முற்றத்தில் வைத்தபோது, அவர் இரண்டு மீட்டர் தள்ளி, முகக்கவசத்தோடு, ஆனால் குடும்பத்தோடு நின்றார். மாமியார் பேத்தியை அனுப்பி, "அம்மா, ஆயா உங்களை வீட்டுக்குள் வரச் சொன்னார்கள்" என்று சொல்ல வைத்தார். ஆகஸ்டில் பின்னறையைக் காலி செய்தார். ஜிஏடி-7 மதிப்பெண் அப்போது 10-க்குக் கீழே வந்திருந்தது.

அலமாரி ஏன் காலியாக இருந்தது

இந்த நிகழ்வைப் பேசும்போது பணியாளரின் மனத்தை மட்டும் பேசி முடிப்பது நேர்மையாகாது. ஆகஸ்டில் சுகாதார அமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் 27,000-க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் தொற்றுக்கு ஆளாகி, 240 பேர் இறந்திருந்தார்கள். அதே வாரங்களில்தான் பாதுகாப்புப் பொருட்கள் வாங்கியதில் நடந்த முறைகேடுகளும் வெளியே வந்தன. ஜூலை 2020-இல் குடியரசுத் தலைவர் சிரில் ரமபோசா அவற்றை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கு அதிகாரம் அளித்தார்.

அந்த விசாரணையில் சாட்சியாக இருந்தவர் பபிதா தேவகரன், கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி. 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர், தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் உட்பட ஆறு பேர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். முகக்கவசம் பொருந்தவில்லை என்று ஒரு வார்டில் செவிலியர் சொல்வதும், கணக்கு பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் அதிகாரி சொல்வதும் என் பார்வையில் ஒரே செயல். முதலாமவரைப் பதற்றக்காரர் என்று தள்ளிவைத்தோம். இரண்டாமவரைக் காக்கத் தவறினோம்.

தரம் குறைந்த பொருள் எங்கள் ஊரில் மட்டும் வரவில்லை. கேப் டவுனில் ஆய்வாளர்கள் சந்தையில் கிடைத்த, என்95-க்கு இணையான சீனத் தரத்தைச் சேர்ந்த பல கேஎன்95 வகைகளைச் சோதித்தபோது அவையும் தேறவில்லை. இத்தகைய பொருளைக் கொடுத்துவிட்டு, மன உறுதிக்கான பயிற்சி வகுப்புக்கு அழைப்பது பணியாளரை அவமதிப்பதாகும் என்றே நான் நினைக்கிறேன். பாதுகாப்பான பணியிடம் தருவது முதலாளியின் கடமை என்று 1993-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மூச்சுப் பயிற்சி நல்லது. அதைச் சொல்லித்தருமுன் மூச்சு எதன் வழியாகப் போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் அலை

2020 டிசம்பர் 18 அன்று, பின்னாளில் பீட்டா என்று பெயர்பெற்ற புதிய திரிபு அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டறிந்த மரபணு ஆய்வில் முன்னின்றது டர்பனில் உள்ள ஆய்வகம்தான். ஜனவரியில் வார்டு நிரம்பி வழிந்தது. அந்த மாதம் சிஸ்டருக்குத் தொற்று உறுதியானது.

தொடர்பு தேடியபோது நோயாளிகள் பக்கம் எதுவும் பொருந்தி வரவில்லை. தேநீர் அறை பொருந்தியது. அதே நாளில் அவரோடு மதிய உணவு உண்ட இரண்டு பேருக்கும் தொற்று இருந்தது. ஜன்னல் இல்லாத சிறிய அறை. முகக்கவசத்தைக் கழற்றி, எதிரெதிரே அமர்ந்து, மனம் விட்டுச் சிரித்த அரை மணி நேரம். நோயாளியின் அருகில் நூறு கவனம் எடுப்பவர்கள், தங்களுக்குள் அந்தக் கவனம் தேவையில்லை என்று எண்ணுவது மிக இயல்பானது. உடன் பணிபுரிபவரை ஆபத்தாகப் பார்க்க யாருக்கும் மனம் வராது. தேநீர் அறையைப் பூட்டிவிடலாம் என்று நிர்வாகம் யோசித்தது, நான் எதிர்த்தேன். பன்னிரண்டு மணி நேரப் பணியில் செவிலியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் ஒரே இடத்தையும் எடுத்துவிட்டால் வேறு விதத்தில் நோய் வரும். பின்புற வராந்தாவில் கூரை போட்டு, நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டோம்.

சிஸ்டருக்குக் காய்ச்சலும் இருமலும் பத்து நாட்கள், ஆக்சிஜன் தேவைப்படவில்லை. பழைய பின்னறைக்கு அவர் மறுபடி போனபோது மகள் முதலில் ஒரு ஹீட்டரை அங்கே வைத்தாள். வீட்டில் வேறு யாருக்கும் தொற்றவில்லை. பதற்றம் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் திரும்பியது, தங்கவில்லை. "எப்படி வந்தது என்று தெரிகிறது டாக்டர். அதனால் தாங்க முடிகிறது" என்றார்.

2021 பிப்ரவரி 17 அன்று, சுகாதாரப் பணியாளர்களுக்கான சிசொன்கே தடுப்பூசித் திட்டம் ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசியோடு தொடங்கியது. மே மாதத்துக்குள் 4,70,000-க்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்டது. சிஸ்டர் ஏப்ரலில் போட்டுக்கொண்டார்.

பின்தொடர்வு

பணியிடத்தில் ஏற்பட்ட தொற்று என்று இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுத்தோம். பணியில் தொற்றிய கோவிட்டை அந்த அலுவலகம் 2020 மார்ச்சிலேயே இழப்பீட்டுக்கு உரியதாக அறிவித்திருந்தது. ஆனால் நோயாளியிடமிருந்து வந்ததா, தேநீர் அறையிலிருந்து வந்ததா என்ற கேள்வியில் தாள்கள் பலமுறை திரும்பி வந்தன. தேநீர் அறையும் பணியிடம்தான் என்று எழுதிக்கொடுத்த பிறகு மனு ஏற்கப்பட்டது.

கைகளில் தோல் ஆறிவிட்டது. குளிர்காலத்தில் மட்டும் வெடிப்பு வருகிறது. மருத்துவமனை வாசலில் படபடப்பு இல்லை. இரவு அவசர அழைப்பு வந்து தூக்கம் கலைந்தால், இன்றும் அது திரும்புவதில்லை.

இப்போது அவர் வார்டுப் பணியோடு, புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கு முகக்கவசப் பொருத்தச் சோதனை செய்யும் பொறுப்பையும் வைத்திருக்கிறார். அண்மையில் காசநோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட இருந்த இரண்டு இளம் செவிலியர்களுக்கு, கையிருப்பில் இருந்த எந்த அளவும் பொருந்தவில்லை. சரியான அளவு வந்து சேரும் வரை அந்த அறைகளுக்குள் அவர்களை அனுப்பக்கூடாது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அதுவரை அவர்களுக்கு வெளிநோயாளர் பிரிவில் பணி ஒதுக்கப்பட்டது.